கேள்வியின் விலை
(மும்பையின் செம்பூரில் இசை ரசிகர்களும் மின்னணுவியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செம்பூரில் ஒலியைப் பற்றிப் பேச வருகிறவனுக்கு ஒரு சௌகரியமும் உண்டு, ஒரு பயமும் உண்டு. கச்சேரி கேட்டுப் பழகிய காதுகள் இங்கே நிறைய. எதையும் அரிச்சுவடியிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அது சௌகரியம். பக்கத்து டிராம்பே அணு ஆய்வு நிலையத்தில் கருவிகளோடு காலம் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். எண்களைத் தப்பாகச் சொன்னால் நடுவிலேயே எழுந்து நின்று கேட்பார்கள். அது பயம். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

ஓர் ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ மைக்கோ காகிதத்தில் வரைபடமாகப் பிறந்து கடைக்கு வந்து சேரும்வரை, அதில் எந்த வேலை அதிக நாளைத் தின்கிறது? சர்க்யூட் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேறு பதில் சொல்வார்கள். ஒரு ரெசிஸ்டரை மாற்றிச் சோல்டர் செய்ய ஐந்து நிமிடம் போதும். மாற்றியது நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்வதில்தான் நாட்கள் போகும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு கேள்வி. விடை மலிவாகக் கிடைத்தால் நூறு கேள்வி கேட்கலாம். விடைக்கு அரை நாள் ஆகும் என்றால் இரண்டு கேட்டுவிட்டு, 'இது போதும், பெட்டியை மூடு' என்று விட்டுவிடுவோம். நல்ல அளவைக் கருவி கேள்வியின் விலையைக் குறைக்கிறது. வேகம் அங்கிருந்துதான் வருகிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சியம்.

முதல் சாட்சி நம்மவர். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு வாங்கியவர் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. அதற்கு முன்பு கல்கத்தாவில், பகலில் நிதித்துறை அதிகாரியாகவும் மாலையில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திலுமாக இருந்த காலத்திலிருந்தே அவரை இழுத்துக்கொண்டிருந்தவை வயலினும் வீணையும் மிருதங்கமும்.

வயலினில் வில் போடும்போது மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. வில்லின் வேகம், வில் தந்தியை அழுத்தும் விசை, குதிரையிலிருந்து வில் எவ்வளவு தூரத்தில் படுகிறது என்பது. எவ்வளவு தேர்ந்த வித்வானாக இருந்தாலும் இரண்டை அசையாமல் வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் மாற்றிக் காட்ட முடியாது. கை உயிருள்ளது, ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் கூடவே நகரும். ராமன் என்ன செய்தார்? வயலினை இயந்திரத்தால் வாசிக்க வைத்தார். வேகம், அழுத்தம், இடம் மூன்றையும் தனித்தனியே நிலைநிறுத்தக்கூடிய அமைப்பு அது. அதில் கிடைத்த முடிவுகளை 1920இல் வெளியிட்டார். வில் குதிரையை நெருங்க நெருங்க, தந்தியை நிலையாகப் பேச வைக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பது அளவாகவே வெளிப்பட்டது. வயலின் வித்வான்களின் கைக்குத் தெரிந்திருந்த ஒன்று எண்ணாக மாறியது.

அந்த இயந்திரம் வாசித்த சங்கீதத்தை யாரும் ரசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அது நேற்று வாசித்ததையே இன்றும் வாசித்தது. ஒலிக்கருவி உருவாக்கத்தில் முதலில் வேண்டிய குணம் இதுதான். மறுபடி செய்தால் அதே விடை வர வேண்டும். வராவிட்டால், மாறியது கருவியா, அளந்த கையா என்ற சண்டையிலேயே மாதம் ஓடிவிடும்.

அதே 1920இல் ராமனும் சிவகாளி குமாரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். சாதாரணத் தோல் வட்டத்தைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால்தான் பல முரசுகளில் ஓசை கேட்கிறது, சுரம் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டம், நாம் கரணை என்றும் சோறு என்றும் சொல்வது, அந்தத் தோலின் நடுவில் எடையை ஏற்றி மேற்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. ஒன்பது விதமாக அதிரும் தோல் ஐந்தே ஒத்திசைகளாகச் சேர்ந்து ஒலிக்கிறது என்று ராமன் 1934இல் விரிவாகக் காட்டினார்.

இதை எந்தக் கருவியும் இல்லாமலே மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்தார்களே, எப்படி? அவர்கள் வேலை செய்வதைப் பாருங்கள். ஒரு பூச்சு பூசுவார்கள், தேய்ப்பார்கள், தட்டிக் கேட்பார்கள். அடுத்த பூச்சு, அடுத்த தட்டல். மாற்றத்துக்கும் விடைக்கும் நடுவில் சில விநாடிதான். அவர்கள் காதே அவர்களுடைய அளவைக் கருவி. அது எப்போதும் பக்கத்திலேயே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஒலி கம்பிக்குள் நுழைந்தபோது அறுந்து போனது இந்தச் சங்கிலிதான். வால்வுக்குள் என்ன நடக்கிறது என்று தட்டிப் பார்க்க முடியாது.

அறுந்ததை மறுபடி இணைத்த கருவிகளில் ஒன்று ஆடியோ ஆசிலேட்டர், அதாவது வேண்டிய அதிர்வெண்ணில் சுத்தமான ஒற்றைச் சுரத்தை எழுப்பித் தரும் பெட்டி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த வில்லியம் ஹியூலெட் அதில் ஒரு பழைய சிக்கலை எளிதாகத் தீர்த்தார். சுரத்தின் அளவு ஏறாமலும் இறங்காமலும் நிற்க, சர்க்யூட்டுக்குள் ஒரு சிறு மின்விளக்கை வைத்தார். அளவு கூடினால் விளக்கின் இழை சூடாகும். சூடானால் அதன் மின்தடை ஏறும். ஏறினால் அளவு தானே அடங்கும். டேவிட் பக்கார்டும் அவரும் சேர்ந்து 1939இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் சரக்கு இதுதான். 200ஏ என்று பெயர். விலை 54 டாலர் 40 சென்ட். அன்று சந்தையில் இருந்த நல்ல ஆசிலேட்டர்கள் இதைப் போல் பல மடங்கு விலை.

அதன் அடுத்த வடிவமான 200பி கருவியில் எட்டை வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. 'ஃபான்டேசியா' படத்துக்காகத் திரையரங்குகளில் பல திசைகளிலிருந்து ஒலி வரும்படி ஓர் அமைப்பை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். படம் 1940இல் வந்தது. எண்ணிக்கையை மட்டும் கவனியுங்கள்: எட்டு. கருவி பல மடங்கு விலையில் இருந்திருந்தால் ஒன்றையோ இரண்டையோ வாங்கி, வரிசையில் நின்று பயன்படுத்தியிருப்பார்கள். விலை இறங்கியதால் ஒரே நேரத்தில் பல மேஜைகளில் கேள்வி கேட்க முடிந்தது.

இனி ஒரு கணக்கு. மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு சிதைவு செய்கிறது என்று பழைய முறையில் அளக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ்வரை, ஒரு ஸ்தாயிக்கு மூன்று புள்ளி என்று வைத்தால் 31 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஆசிலேட்டரைத் திருப்ப வேண்டும். அளவைச் சரிபார்க்க வேண்டும். மீட்டரில் மூலச் சுரத்தைக் கையால் திருகித் திருகி அழிக்க வேண்டும். மிச்சம் இருப்பதைப் படித்து வரைபடத் தாளில் குறிக்க வேண்டும். கை பழகியவருக்கு ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஒலி அளவு என்றால் ஆறு வரைபடம். மொத்தம் 186 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கும் மேல். பிறகு ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால்? திரும்ப மூன்று மணி நேரம்.

மனிதர் யாரும் இதைச் செய்யமாட்டார். 1,000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு புள்ளி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். குறை 10,000 ஹெர்ட்ஸில் இருந்தால் அது தொழிற்சாலை தாண்டி, கடை தாண்டி, வாங்கினவர் வீட்டு வரவேற்பறையில்தான் வெளிப்படும். அமெரிக்காவின் பீவர்டன் நகரில், டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்த சில பொறியாளர்கள் 1984இல் ஆடியோ பிரிசிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கணினியே அளவையை நடத்தும் முறையை அவர்களுடைய சிஸ்டம் ஒன் கருவி இந்தத் தொழிலில் பரப்பியது. மூன்று மணி நேர வேலை நிமிடங்களில் முடிந்தது. நேரம் மிச்சமானதை விட அதனால் பொறியாளரின் பழக்கம் மாறியதுதான் பெரிது. முன்பு கடைசியில் ஒரு சடங்காக அளந்தவர், இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் அளந்தார். தப்பான யோசனை காலையில் பிறந்து மாலைக்குள் செத்தது. பாவம், முன்பெல்லாம் அது ஒரு மாதம் உயிரோடு இருக்கும்.

கருவி விடையைச் சீக்கிரம் தருவதோடு, காரணத்தையும் காட்டினால் வேகம் இன்னும் கூடும். நம் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை, ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். காதுக்கு அது வெறும் இரைச்சல். சாதாரண வோல்ட் மீட்டருக்கு அது வெறும் எண். அதே இரைச்சலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியில் போட்டால் கதையே சொல்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். திரையில் முள் போன்ற கோடு 100 ஹெர்ட்ஸில் உயர்ந்திருந்தால், பெரும்பாலும் பவர் சப்ளையில் டயோடுகள் தாண்டி வரும் சிற்றலை வடிகட்டப்படாமல் உள்ளே வருகிறது, கெப்பாசிட்டரைப் பாருங்கள். 50இல் உயர்ந்திருந்தால், எர்த் ஒயர் இரண்டு பாதையில் வளையம் போட்டிருக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் பக்கத்து ஒயரில் பாய்கிறது. கூடவே 150, 250 என்று ஒற்றைப்படை மடங்குகளும் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் மேல் சந்தேகம் வலுக்கிறது; அதைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள், முள் அசையும். ஒரு வாரம் ஒயர் ஒயராகப் பிடுங்கித் தேடியது பத்து நிமிடத்தில் கிடைக்கிறது. கூலி, டூக்கி என்ற இருவர் 1965இல் வெளியிட்ட, அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வேகமான கணக்கு முறை இல்லாவிட்டால் இந்தப் படம் இவ்வளவு மலிவாக நம் லேப்டாப்பில் வந்திருக்காது.

ஸ்பீக்கர் விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரு காலத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்கள் பலகையை அறுத்து, ஆணி அடித்து, கேட்டு, பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பெட்டி அறுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்டு ஸ்மால் 1970களிலும் வேறு வழி காட்டினார்கள். ஸ்பீக்கரை மேஜை மேல் வைத்து, அதன் இயல்பான அதிர்வெண், அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது போன்ற சில அளவுகளை எடுத்துவிட்டால், எந்தப் பெட்டியில் அதன் அடிக்கனம் எப்படி இருக்கும் என்று காகிதத்திலேயே கணக்கிடலாம். பத்துப் பெட்டி அறுத்த இடத்தில் ஒன்று போதும் என்றானது. மரமும் மிச்சம், தச்சரின் பொறுமையும் மிச்சம்.

பெட்டி செய்தாயிற்று; எங்கே வைத்து அளப்பது? எதிரொலியே இல்லாத தனி அறை கட்ட லட்சக்கணக்கில் ஆகும். நம்மிடம் இருப்பது செம்பூர் ஃப்ளாட். மேல்தளம் மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி. நேராக வரும் ஒலி ஒரு மீட்டர் நடக்கிறது. தரையிலோ மேல்தளத்திலோ பட்டு வரும் ஒலி சுமார் 3.16 மீட்டர் நடக்கிறது. அது ஏறக்குறைய 6.3 மில்லி விநாடி தாமதமாக வந்து சேரும். அந்த 6.3 மில்லி விநாடி இடைவெளிக்குள் வந்த ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் வந்ததை வெட்டிவிட்டால், அறையே இல்லாதது போல் ஸ்பீக்கர் மட்டும் தெரியும்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. 6.3 மில்லி விநாடிக்குள் ஒரு முழு அலைகூட முடியாத அடிச்சுரங்களை இந்த முறையால் பார்க்க முடியாது. எல்லை சுமார் 160 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார ஸட்ஜமே சுமார் 131 ஹெர்ட்ஸ். அதுவே எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதற்கும் வழி இருக்கிறது. டான் கீல் என்ற பொறியாளர் 1974இல் காட்டியபடி, மைக்கை ஸ்பீக்கர் காகிதத்துக்கு ஒட்டினாற்போல் வைத்து அடிச்சுரங்களை அளந்து, இரண்டு வரைபடங்களையும் தைத்துவிடலாம்.

அளக்கும்போது ஹார்பர் லைன் ரயில் சத்தம் குறுக்கிட்டால்? அதையும் கணக்கில் அடக்கலாம். ஒரே சோதனைச் சுரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சராசரி எடுத்தால், ஒவ்வொரு முறை எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும்போதும் சோதனைச் சுரம் சத்தத்துக்கு மேல் 3 டெசிபல் எழும்பும். 16 முறை ஓட்டினால் 12 டெசிபல். கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிவரை வழுக்கி ஏறும் ஒரே ஒரு சுரத்தால் ஸ்பீக்கரின் நேர்மையையும் அதன் சிதைவையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் முறையை இத்தாலியின் ஆஞ்செலோ ஃபரினா 2000இல் முன்வைத்தார். இன்று ரூம் ஈக்யூ விசார்டு போன்ற இலவச மென்பொருள்கள் இதை நம் மேஜையிலேயே செய்துவிடுகின்றன.

இதுவரை கருவியின் புகழைப் பாடினேன். இனி அதன் குணக்கேட்டையும் சொல்ல வேண்டும். கருவி கேட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும். தப்பான கேள்விக்கும் அதே வேகத்தில் விடை சொல்லும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் புதிதாக வந்தபோது விளம்பரத்தில் சிதைவு எண் பிரமாதமாக இருந்தது; கேட்டவர்களோ முகம் சுளித்தார்கள். காரணங்களில் ஒன்று இது. அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. ஒன்று கைமாற்றும் இடத்தில் சிறு தடுக்கல். ஒலி பெரிதானாலும் சிறிதானாலும் தடுக்கல் ஏறக்குறைய ஒரே அளவு. உதாரணத்துக்கு அது 5 மில்லி வோல்ட் என்று வையுங்கள். 20 வோல்ட் வெளியீட்டில் அது 0.025 சதவீதம், விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். வீணையின் மீட்டு அடங்கி 0.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது அதே தடுக்கல் 2.5 சதவீதம். காது கவனமாகக் கேட்கும் இடம் அதுதான். முழு ஒலியில் மட்டும் அளந்தவருக்கு இது தெரியவே தெரியாது. மிச்சச் சிதைவை ஆசிலோஸ்கோப்பில் போட்டுப் பார்த்தவருக்கு ஒரே பார்வையில் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஊசி ஊசியாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன். தம்பூராவை ஒரு சிதைவு மீட்டரில் மாட்டுங்கள். மூலச் சுரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தையெல்லாம் குற்றம் என்று எண்ணும் கருவி அது. தம்பூராவில் இருப்பதெல்லாம் அந்த மிச்சம்தானே! தம்பூரா, வீணைகளின் வளைந்த குதிரை, வழக்கமான விதிப்படி எழக்கூடாத மேற்சுரங்களையும் எழுப்புகிறது என்பதை ராமன் 1921இல் எழுதினார். மீட்டர் அதைப் பழுது என்று சொல்லும். நாம் அதை ஜீவா என்கிறோம். ஆகவே என்ன அளப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பைக் காது விட்டுக்கொடுக்கக்கூடாது. அளப்பதில் பிடிவாதம் பிடிக்கும் பொறுப்பை எண் விட்டுக்கொடுக்கக்கூடாது. 'மேல் ஸ்தாயியில் குரல் கூசுகிறது' என்று ரசிகர் சொன்னால், 'அது உங்கள் பிரமை' என்று சொல்லும் பொறியாளரும் வேண்டாம். எங்கே, எத்தனை ஹெர்ட்ஸில் என்று தேடாமல் தலையாட்டும் பொறியாளரும் வேண்டாம்.

நம் ஊருக்கு வருகிறேன். இந்தப் பேட்டைக்குப் பக்கத்தில் டிராம்பேயில் 1954இல் அணுசக்தி ஆய்வு நிலையம் தொடங்கியபோது, ஹோமி பாபா ஆய்வாளர்களோடு மின்னணுக் கருவி செய்பவர்களையும் சேர்த்தே வளர்த்தார். 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியபோது அதன் கட்டுப்பாட்டுக் கருவிகள் மின்னணுப் பொறியாளரான ஏ.எஸ். ராவ் குழுவினரின் கைவேலை. அந்த அனுபவம் 1967இல் ஹைதராபாத்தில் இ.சி.ஐ.எல். என்ற மின்னணு நிறுவனமாக முளைத்தது. கருவி செய்பவர் பக்கத்து அறையில் இருந்தால், ஆய்வாளரின் கேள்வி கடல் கடந்து போய் விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அணு ஆராய்ச்சிக்குப் பொருந்திய அந்தப் பாடம் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருந்தும்.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்த நாட்களில் நல்ல அளவைக் கருவி தனி மனிதனுக்கு எட்டாத பொருள். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்று உயர்தர அளவைக் கருவி பல லட்சம் ரூபாய் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நல்ல யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், அளவைக்கு ஏற்ற மைக், இலவச மென்பொருள், இவை சில பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மாணவர்களுக்கு நான் சொல்வது மூன்று. முதலில் கருவியையே அளந்து பாருங்கள்: அதன் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, அதன் சொந்தச் சிதைவும் இரைச்சலும் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். அதற்குக் கீழே உள்ள எதையும் அந்தக் கருவியால் காட்ட முடியாது. அடுத்து, ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டை நேராக உள்ளே கொடுத்துவிடாதீர்கள். நடுவில் அளவைக் குறைக்கும் ரெசிஸ்டர்கள் வேண்டும். இன்றைய சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்களில் பலவற்றுக்கு ஸ்பீக்கர் முனை இரண்டிலுமே சிக்னல் உண்டு. ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை ஒரு முனையில் மாட்டினால் புகைதான் விடையாக வரும். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் தேதி போட்ட பதிவு. ராமனின் வயலின் இயந்திரம் நமக்கு விட்டுப்போன ஒழுக்கம் அதுதான்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கச்சேரி நடத்தும் சபை இங்கே இருக்கிறது. பொறியியல் கல்லூரி இருக்கிறது. வாழ்நாள் முழுதும் கருவிகளைக் கையாண்டு ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். மூவரும் ஒருவரையொருவர் அன்றாடம் தெருவில் பார்க்கிறார்கள். ஒரு சிறு பொது அளவை அறை, ஒரு மேஜை, வாரத்துக்கு இரண்டு மாலை திறந்திருந்தால் போதும். ஆம்ப்ளிஃபையர் செய்யும் மாணவன் அங்கே வரட்டும். தாராவியில் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் தொழிலாளி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரட்டும். அவர் கையில் இருக்கும் அனுபவத்துக்கு ஒரு வரைபடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். முதல் வேலையாக, ஒரு கச்சேரி மேடையின் மைக் முதல் கடைசி வரிசை ஸ்பீக்கர்வரை அளந்து, எந்த அதிர்வெண்ணில் மைக் ஊளையிடத் தொடங்குகிறது என்று எழுதி ஒட்டுவோம். அடுத்த கச்சேரியில் பாடகர் பல்லவியின் நடுவில் ஒலிக்காரரைப் பார்த்துக் கை காட்ட வேண்டிய அவசியம் குறைகிறதா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அதன் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்போம். இப்போது உங்கள் கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.